காட்டாமற் கழிந்த நாட்கள்

வைத்தியசாலை வாசலிலே கட்டணம் கேளாத நாடுகள் உலகத்தில் அதிகமில்லை. இலங்கை அச் சிலவற்றுள் ஒன்று. வெளிநோயாளர் பிரிவிலே வைத்தியரைக் காண்பதற்கும், விடுதியிலே தங்குவதற்கும், சத்திரசிகிச்சை செய்துகொள்வதற்கும் அரசாங்க வைத்தியசாலையில் ஒருவர் பணம் செலுத்த வேண்டியதில்லை. அவ்வாறிருந்தும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருகின்றவர்களுள் கணிசமானோர், நோய் தோன்றிய இடத்தை விட்டுப் பரவத் தொடங்கிய பின்னரே வந்து சேர்கின்றனர் என்றால், அதற்குக் காரணம் பணமின்மை மாத்திரமன்று என்பது தெளிவு. நோய் தன்னை முதன்முதல் உணர்த்திய நாளுக்கும் சிகிச்சை ஆரம்பித்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் எங்கெங்கே, எவ்வெவ்வாறு கழிந்தது என்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த இடைக்காலத்தின் பெறுமதியை முதலில் உணர்தல் அவசியம். 2022ஆம் ஆண்டில் உலகத்திலே ஏறக்குறைய 2 கோடிப் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாயினர். ஏறக்குறைய 97 இலட்சம் பேர் அதனால் மாண்டனர். இலங்கையில் ஆண்டொன்றுக்குப் புதிய நோயாளர் தொகை 30,000க்கு மேல் இருக்கிறது. ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயும், பெண்களிடையே மார்புப் புற்றுநோயும் முன்னிற்கின்றன. மார்புப் புற்றுநோய் கண்ட பெண்களுள் ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர்வாழ்வோர் செல்வம் மிகுந்த நாடுகளிலே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு அதிகமாயிருக்க, இந்தியாவிலே 66 ஆகவும் தென்னாபிரிக்காவிலே 40 ஆகவும் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் எங்கும் ஒன்றே. அது எந்த நிலையிற் பிடிபட்டது, பிடிபட்டபின் எவ்வளவு விரைவாகவும் ஒழுங்காகவும் சிகிச்சை நடந்தது என்பவையே இந்தப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. ஏழு வகைப் புற்றுநோய்களைக் குறித்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2020இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சை நான்கு வாரம் பிந்தும்தோறும் மரண அபாயம் நூற்றுக்கு 6 முதல் 13 வரை உயர்கின்றது என்று காட்டியது. ஒரு மாதந்தானே என்று நாம் அலட்சியமாகத் தள்ளிவைப்பது இதைத்தான்.

மகரகமவுக்குச் சென்ற பாதை

குடாநாட்டின் முதியோரிடம் புற்றுநோயைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்கள் நோயின் பெயரைச் சொல்லாமல் ஊரின் பெயரைச் சொல்வார்கள். "மகரகமவுக்கு அனுப்பிப்போட்டினம்" என்ற ஒரு வாக்கியம் போதும். கேட்டவர் மேலே எதுவும் கேட்கமாட்டார். கொழும்புக்கு அணித்தான மகரகமவிலே தேசிய புற்றுநோய் வைத்தியசாலை அமைந்திருந்தமையால், கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டியவர் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீற்றர் பிரயாணம் செய்ய வேண்டியவராயினர். கதிர்வீச்சு ஒருநாட் காரியமன்று. பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாளாகப் பல வாரங்களுக்குத் தொடர்ந்து கொடுக்கப்படுவது. ஆகவே, நோயாளியோடு துணைக்கு ஒருவரும் சென்று, பழக்கமில்லாத பாஷை வழங்கும் ஊரிலே, அறை வாடகைக்கெடுத்து மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. தோட்டத்தையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு யார் போவது என்ற கேள்விக்கு விடை காணாமலே ஊரோடு இருந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது அந்தப் பாதையும் அடைபட்டது. ரெயில் நின்றது, ஏ-9 வீதி மூடப்பட்டது. கொழும்புக்குப் போகிறவர்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே சிறுபடகுகளிற் கடந்து, பாஸ் பெற்று, சோதனைச்சாவடிகளைத் தாண்டிச் சென்றனர். வெடிச்சத்தத்துக்கு நடுவே நீரேரியைக் கடக்கும் துணிவு சுகதேகிகளுக்கே அரிதாயிருந்தபோது, மூன்று வாரத்துக்கொருமுறை மருந்தேற்ற வேண்டிய நோயாளி என் செய்வார்? பின்னர் கப்பலும் விமானமும் ஓடின. 2002இல் வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. 2009இல் யுத்தம் முடிந்தது. பாதை மூடித் திறந்த இத்தனை ஆண்டுகளிலும் புற்றுநோய் எவருக்காகவும் காத்திருக்கவில்லை.

இந்தத் தூரத்தைக் குறைத்த காரியம் ஒன்று 2011 ஜூலையில் நடந்தது. இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை, 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் ஒரு கூட்டத்தினர் கால்நடையாக நடந்து, யாழ்ப்பாணத்திலே ஒரு புற்றுநோய் வைத்தியசாலை எழுப்புவதற்குப் பொருள் சேர்த்தனர். 'ட்ரெயில்' என்று பெயரிட்ட அந்த நடையிலே, வழிநெடுகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தனர். உண்டியலிற் சில்லறை போட்ட பள்ளிப் பிள்ளைகளும் அதன் கொடையாளிகளே. அவ்வாறு சேர்ந்த பணத்தினால் தெல்லிப்பழையில் எழுந்த வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. 1990இலே வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்து போன அதே பிரதேசத்திலே, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் நோயாளர் தேடிவரும் ஒரு தர்மஸ்தாபனம் தோன்றியது. காங்கேசன்துறை வீதியாலே யாழ்ப்பாண நகரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம்.

வீட்டிலே கழியும் நாட்கள்

தூரம் குறைந்தபின்னும் தாமதம் ஏன் நீங்கவில்லை என்பதை அறிய, வலிகாமத்துச் செம்மண் பூமியிலே ஒரு சாதாரண வீட்டை எண்ணிப் பார்ப்போம். ஐம்பது வயதான தாய் ஒருத்தி, கிணற்றடியிலே குளிக்கும்போது, மார்பிலே மஞ்சாடி விதையளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுவதை உணர்கிறாள். வலியில்லை, நிறமாற்றமில்லை, காய்ச்சலில்லை. சில வாரம் கழிந்தபின், கோயிலுக்குப் போகும் வழியிலே தன் தங்கையிடம் மாத்திரம் மெல்லச் சொல்கிறாள்.

"அக்கா, ஒருக்காப் பெரியாஸ்பத்திரியிலை காட்டுங்கோவன்."

"நோகேல்லைத்தானே, தங்கச்சி. மூத்தவளின்ரை கலியாணம் ஒப்பேறட்டும், பிறகு பாப்பம்."

இந்த இரண்டு வரிச் சம்பாஷணையிலே தாமதத்தின் மூலகாரணங்கள் சில அடங்கியிருக்கின்றன. முதலாவது, நோவில்லையென்ற தைரியம். புற்றுநோய்க் கட்டிகள் ஆரம்பத்திலே பெரும்பாலும் நோவதில்லை. நோகாத கட்டியைத்தான் முதலிற் காட்ட வேண்டும். இரண்டாவது, கலியாணம். "அந்த வருத்தம்" இருக்கிற குடும்பம் என்று ஊரிலே கதை பரவினால் மகளுக்கு வரன் அமையாது என்ற பயம், தன் உயிரைக் காட்டிலும் பிள்ளையின் வாழ்வைப் பெரிதாக எண்ணும் தாய்க்கு மிகவும் இயல்பானது. அதை அறியாமை என்று இகழ்வது நியாயமன்று. அது ஒரு தியாகமே. ஆனால், மார்புப் புற்றுநோய்களுள் பெரும்பகுதி பரம்பரையாக வருவனவல்ல என்பதையும், ஆரம்பத்திலே காட்டிச் சுகமடைந்து மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணைநிற்கும் தாயே அந்த மகளுக்குப் பெரிய சீதனம் என்பதையும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வீட்டிலே ஒருவர் வேண்டும்.

மூன்றாவது, வெட்கம். மேனியைப் பிற ஆடவர்க்குக் காட்ட ஒருப்படாத பெண்கள் வைத்தியமின்றி இறப்பதைக் கண்டுதான், 1898இலே இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியொட் ஆஸ்பத்திரியை மிஷனரிமார் தொடக்கினர். இன்று கிராமங்கள்தோறும் குடும்பநல உத்தியோகத்தராகப் பெண்களே வீடு தேடி வருகிறார்கள். எனினும், கர்ப்பவதிகளும் குழந்தைகளுமே அவர்களுடைய பொறுப்பு, ஐம்பது வயதானவளுக்கு அவர்களிடம் என்ன வேலை என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

சத்திரத்தைப் பற்றிய பயமும் இதனோடு சேர்கிறது. கத்தி பட்டால் நோய் உடம்பெல்லாம் விரிந்துவிடும் என்ற நம்பிக்கை ஊரிலே பலமாக வேரூன்றியிருக்கிறது. முற்றிய நிலையிலே ஒப்பரேசன் செய்து, சில மாதங்களில் இறந்துபோனவரைக் கண்ட அயலார், முற்றியிருந்ததை மறந்து கத்தியையே குற்றஞ்சாட்டியதால் வளர்ந்த நம்பிக்கை அது. சதைத் துண்டு சிறிது எடுத்துச் சோதிப்பதனாலே மார்பிலும் வாயிலும் தோன்றும் நோய் உடம்பெங்கும் பரவிவிடுவதில்லை. சோதியாது விடுவதனாலேதான் அது பரவ அவகாசம் பெறுகிறது. பரியாரியார் கொடுக்கும் பத்தை மாதக்கணக்கிற் போட்டுப் பார்த்து, நேர்த்தி வைத்து, சாதகங் காட்டிச் சாந்தி செய்து, கடைசியில் வைத்தியசாலைக்கு வருகின்றவர்களும் உண்டு. சித்த வைத்தியத்துக்குப் பெயர்பெற்ற இந்நாட்டிலே, பரம்பரை வைத்தியரே முதலிற் கண்டு, "இது என் கையிலடங்காது, இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பிவைத்தால், அதைக்காட்டிலும் பெரிய வைத்தியம் வேறில்லை.

அண்மைக் காலத்திலே ஒரு புதிய காரணமும் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாய் தகப்பன் மாத்திரம் பெரிய வீடுகளிலே தனித்திருக்கும் நிலை குடாநாட்டிற் சர்வ சாதாரணமாகிவிட்டது. பணத்துக்குக் குறைவில்லை, கூட்டிக்கொண்டு போவதற்குத்தான் ஆளில்லை. தொலைபேசியிலே பிள்ளை சுகம் விசாரிக்கும்போது, தூரத்திலிருக்கிற பிள்ளையைப் பதறவைக்கக் கூடாதென்று, "எனக்கென்ன, நல்லாய் இருக்கிறன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அன்பினாலே மறைக்கப்படும் நோயும் நோயே, அதுவும் வளர்கிறது.

ஆடவர் விஷயத்திலே தாமதம் பெரும்பாலும் வாயிலே தொடங்குகிறது. திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய காலந்தொட்டுப் புகையிலை இந்தச் செம்மண்ணின் பணப்பயிராக இருந்துவந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு அதையும் சேர்த்து மெல்லுவது உழைப்பாளியின் அலுப்புத் தீர்க்கும் வழக்கமாயிற்று. புகையிலை சேராத வெற்றிலையும், பாக்கு மாத்திரமுங்கூட, மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கும் வஸ்துக்களே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலிற் கூறியிருக்கிறது. வாயிலே ஒரு வெண்படலமோ செம்படலமோ தோன்றும். உறைப்புப் பட்டால் எரியும். பிறகு வாயை விரியத் திறப்பது கஷ்டமாகும். இவையெல்லாம் பெரும்பாலும் புற்றுநோய்க்கு முந்திய அறிகுறிகள். மனிதவுடம்பிலே கண்ணாடி ஒன்றின் முன் நின்று தானே பார்த்துக்கொள்ளத்தக்க அவயவம் வாயைப்போல் வேறில்லை. அப்படியிருந்தும் அங்கே தோன்றும் நோய் முற்றிய பிறகு காட்டப்படுவது மிகவும் துக்ககரமானது.

வைத்தியசாலையிலே கழியும் நாட்கள்

தாமதத்துக்கெல்லாம் நோயாளியையும் குடும்பத்தையுமே பொறுப்பாக்குவது தகாது. சென்னை அடையாற்றிலே 1954இல் புற்றுநோய் நிலையத்தைத் தொடக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தப் பணியிலே இறங்கியதற்குக் காரணம் தம்முடைய தங்கையின் மரணமே. மலக்குடலிலே தோன்றிய புற்றுநோயை வயிற்றுக்கடுப்பென்று வைத்தியர்கள் முதலிற் பிழையாகக் கணித்தமையால், நோய் இன்னதென்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் அத்தங்கை இறந்தார். தமக்கையே ஒரு டாக்டராக இருந்த வீட்டிலே அவ்வாறு நேரக்கூடுமானால், சாதாரண குடும்பத்திலே நேர்வதற்குச் சொல்ல வேண்டியதில்லை. மூலமென்று எண்ணி இரத்தப்போக்குக்கு மருந்து கொடுப்பதும், காசமென்று எண்ணித் தொடர் இருமலுக்கு மருந்து கொடுப்பதும், மருந்து கேளாதபோது வேறொரு மருந்து மாற்றிக் கொடுப்பதுமாக மாதங்கள் கழிவது இன்றும் உண்டு.

சந்தேகம் எழுந்தபின்னும் பல படிகள் இருக்கின்றன. சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்குக்கு ஒரு திகதி. ஸ்கானுக்கு வேறொரு திகதி. சதைத்துண்டு எடுப்பதற்கு இன்னொரு திகதி. அதை நோயியல் நிபுணர் சோதித்து முடிவு எழுதுவதற்குச் சில வாரம். நோயின் பரவலை அறியச் சீ.ரீ. ஸ்கான், அதன் பின்னரே ஒப்பரேசனா, மருந்தா, கதிர்வீச்சா என்ற தீர்மானம். ஒவ்வொரு படியிலும் தொழில் செய்பவர் தம் கடமையை ஒழுங்காகவே செய்திருக்கலாம். ஆயினும் படிகளுக்கு இடையே நோயாளியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒருவரும் இல்லாதபோது, மொத்தக் காலம் நீண்டுவிடுகிறது. ஓர் இயந்திரம் பழுதடைந்தாலோ, ஒரு நிபுணர் வெளிநாடு போய்விட்டாலோ வரிசை முழுவதும் நிற்கிறது. 2022இலே அந்நியச் செலாவணி வற்றி நாடு நெருக்கடிக்குள்ளானபோது, புற்றுநோய் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்ததும், எரிபொருளின்றி நோயாளர் கிளினிக்குக்குப் போகமுடியாமற் தவித்ததும் நாம் கண்கூடாகக் கண்டவை.

நெடுந்தீவிலிருந்து வரும் ஒருவருடைய பிரயாணத்தை நினைத்துப் பாருங்கள். காலையிலே படகேறிக் குறிகட்டுவானில் இறங்க வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, பண்ணைப் பாலத்தாலே யாழ்ப்பாணப் பஸ்நிலையம் வந்து, மறுபடி தெல்லிப்பழைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. மாரிகாலத்து வாடையிலும் அப்படியே. "றிப்போட் இன்னும் வரேல்லை, அடுத்த கிழமை வாங்கோ" என்ற ஒரு சிறு வார்த்தை, நகரவாசிக்கு ஒரு மணி நேர நஷ்டம். தீவகத்து நோயாளிக்கோ முழுநாட் கூலியும், இரண்டு கடற்பிரயாணமும், சில வேளைகளிலே மறுபடி வருவதற்கான மனோதிடமும் ஒருங்கே நஷ்டம். சிகிச்சையை இடையிலே கைவிடுகிறவர்களை நாம் குறை கூறுகிறோம். அவர்கள் கைவிடுமுன் எத்தனை தரம் வீணாக வந்து திரும்பினார்கள் என்று எண்ணுவதில்லை.

குறைக்கக்கூடிய நாட்கள்

இவையெல்லாம் தீராத குறைகள் என்று நினைத்து மனமுடைய வேண்டியதில்லை. 2021இலே மார்புப் புற்றுநோயைக் குறித்து உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய முயற்சி எல்லா நாடுகளுக்கும் மூன்று இலக்குகளை வகுத்திருக்கிறது: பரவும் தன்மையுள்ள நோய்களுள் நூற்றுக்கு 60க்கு மேலானவை முதலாம் இரண்டாம் நிலைகளிலேயே காணப்பட வேண்டும், நோயாளி முதன்முதல் வந்து காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று முடிவாக வேண்டும், சிகிச்சை தொடங்கியவர்களுள் நூற்றுக்கு 80 பேராவது அதை முற்றாகப் பெற வேண்டும். இவற்றுள் எதுவும் பெரிய இயந்திரங்களை மாத்திரம் நம்பியிருப்பதன்று.

மும்பாயிலே டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998இல் தொடக்கி இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வு இதற்குச் சாட்சி. பத்தாம் வகுப்புப் படித்த உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றி, அவர்கள் கையினாலேயே இரண்டாண்டுக்கொருமுறை பெண்களின் மார்பைச் சோதிக்கச் செய்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடையே மார்புப் புற்றுநோய் மரணம் நூற்றுக்கு ஏறக்குறைய 30 குறைந்தது. இலங்கையிலோ, அதற்கும் முன்னதாக, 1980களின் ஆரம்பத்திலேயே கிராம சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று ஏறக்குறைய 29,000 பேரின் வாயைச் சோதித்து, சந்தேகத்துக்கிடமானவர்களைச் சரியாகவே இனங்கண்டார்கள். ஆனால், வைத்தியசாலைக்குப் போகும்படி அவர்கள் அனுப்பியவர்களுள் பாதிக்குச் சற்று அதிகமானோரே போனார்கள் என்பதை அந்த ஆய்வின் முக்கியமான படிப்பினையாக நான் கருதுகிறேன். கண்டுபிடிப்பது பாதிக் காரியம். கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி.

நமக்கு வேண்டிய ஸ்தாபனங்களுட் பல இருக்கவே இருக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலே 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனையும், மார்புப் பரிசோதனையும் அங்கே இலவசம். 2017 முதல் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி பாடசாலையிலேயே போடப்படுகிறது. இல்லாதது, இந்த வாசல்களுக்கு மக்களைக் கொண்டுவரும் பேச்சு.

அந்தப் பேச்சு தமிழிலே நடைபெற வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்துக்கு ஒருவர் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1847இலே அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயிலே வைத்தியம் செய்த டாக்டர் சாமுவேல் கிறீன், அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூரவரை வைத்தியராகப் பயிற்றியதுமல்லாமல், 1860களிலே தமிழிலேயே அப்பாடங்களைக் கற்பித்தும், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கியும் சென்றார். அத்தகைய பாரம்பரியமுள்ள மண்ணிலே, இன்று ஒரு நோயாளி தம் பயொப்சி முடிவை ஆங்கிலத்திலே எழுதியபடி பொலித்தீன் பையொன்றிலே வைத்துக்கொண்டு, அது என்ன சொல்கிறதென்று வழியிற் காண்பவரைக் கேட்டுத் திரியும் நிலை இருக்கலாகாது. உங்களுக்கு வந்திருப்பது இன்ன நோய், இன்ன நிலையிலிருக்கிறது, அடுத்ததாக இன்ன திகதியில் இன்ன இடத்துக்கு வாருங்கள், வராவிட்டால் இன்ன இலக்கத்திலிருந்து நாங்கள் அழைப்போம் என்று கிளினிக் கொப்பியிலே நான்கு வரி தமிழில் எழுதிக்கொடுப்பதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. தீவகத்தாருக்கு ஸ்கானையும் இரத்தச் சோதனையையும் கிளினிக்கையும் ஒரே நாளிலே வைத்துக்கொடுப்பதற்கும் வேண்டியது ஒழுங்கு ஒன்றே.

நம் முன்னோர் சுருட்டுக் கொட்டில்களிலே, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுருட்டுச் சுற்றியபடியே நாட்டு நடப்பைக் கேட்டறிந்தார்கள். எழுத்தறியாதவரிடமும் செய்தியைக் கொண்டுசெல்லும் வழி இந்தச் சமூகத்துக்கு நெடுங்காலமாகத் தெரியும். சனசமூக நிலையங்களும், மாதர் சங்கங்களும், கோயில் திருவிழா மடங்களும், தேவாலயங்களும் இன்று அந்தக் கடமையை ஏற்கலாம். நோயிலிருந்து மீண்டவர்கள் வெளிப்படையாகப் பேச முன்வந்தால், நூறு பிரசங்கங்களைவிட அது பயன் தரும். ஏனெனில், இறந்தவர்களின் கதையை ஊர் முழுவதும் அறிந்திருக்க, சுகப்பட்டவர்களோ தம் நோயை மறைத்தே வாழ்கிறார்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: சுகமா என்று பொதுவாகக் கேட்டு நிறுத்திவிடாமல், கட்டி ஏதும் இருக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா, உடம்பு மெலிகிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், கூட்டிக்கொண்டு போவதற்கு ஊரிலே ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். வாசகர் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது இது: மார்பிலோ கழுத்திலோ கட்டி, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், நிறம்மாறிய படலம், விழுங்குவதிற் சிரமம், நீங்காத குரலடைப்பு, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, மலத்தோடு இரத்தம், காரணமின்றி உடம்பு மெலிதல் ஆகியவற்றுள் எது கண்டாலும், கலியாணமும் திருவிழாவும் அறுவடையும் முடியட்டும் என்று காத்திராமல் இந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள். இவ்வாறு காட்டுகிற பலருக்கு அது புற்றுநோயாக இராது. அப்படியென்று தெரிந்துகொண்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். புற்றுநோயாகவே இருப்பினும், ஆரம்பத்திற் காட்டியவர்களுள் பெரும்பாலோரைச் சுகப்படுத்தும் வல்லமை இன்றைய வைத்தியத்துக்கு உண்டு. அதற்கான வைத்தியசாலை தெல்லிப்பழையிலே இருக்கிறது. வாசலிலே யாரும் பணம் கேட்கமாட்டார்கள்.